கயிறிழுத்துக் கொட்டும் பக்கெட்டை ஹைட்ராலிக்காக மாற்றுதல்: சிக்கனமாகத் தொடங்க ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த செபராங் பிறையின் தென்பகுதியில், சுங்கை பாக்காப்பிலிருந்து ஜாவி, நிபோங் திபால் வரை, செம்பனைத் தோட்டங்களுக்கு இடையிடையே நம்மவர்கள் நடத்தும் மாட்டுப் பட்டிகளும் ஆட்டுக் கொட்டகைகளும் சிறு உரக் களங்களும் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில், ஏதோ ஒரு தோட்டம் கழித்துவிட்ட பழைய டிராக்டர் ஒன்று, முன்னால் லோடர் பூட்டிய நிலையில் இன்னும் சாணம் வாரிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஓட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நெம்புகோல் லோடரின் கைகளை உயர்த்தும். பக்கெட்டைக் கவிழ்ப்பதற்கோ நெம்புகோல் கிடையாது, ஒரு கயிறுதான் தொங்கும். அதைச் சுண்டி இழுத்தால் கொக்கி விலகி, பக்கெட் தன் பாரத்தினாலேயே முன்னால் சாய்ந்து, உள்ளே இருப்பதை மொத்தமாகக் கொட்டிவிடும். இந்த வகைக்கு டிரிப் பக்கெட் என்று பெயர்.

இதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி, இதற்கு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் போட்டுவிட முடியாதா, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். முடியும். செலவையும் கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் புலப்படும். வெல்டிங் பட்டறைக்கோ ஹோஸ் கடைக்கோ போவதற்கு முன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைகளை இங்கே விளக்குகிறேன்.

கொக்கி எப்படி வேலை செய்கிறது

டிரிப் பக்கெட் எடைச் சமநிலையை வைத்துச் செய்த ஒரு தந்திரம். பக்கெட் இரண்டு கீல்களில் லோடர் கைகளோடு தொங்குகிறது. அது காலியாக இருக்கும்போது அதன் எடையின் மையம் கீலுக்குப் பின்னால் விழும்படியும், நிறைந்திருக்கும்போது கீலுக்கு முன்னால் விழும்படியும் கீலின் இடத்தைத் தேர்ந்திருப்பார்கள். ஆகவே நிறைந்த பக்கெட் எந்நேரமும் முன்னால் சாயத் துடித்துக்கொண்டிருக்கிறது, கொக்கி மட்டுமே அதைத் தடுக்கிறது. கொட்டி முடித்த பக்கெட் தானாகவே பின்னால் சரிந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சில சமயம் மாட்டாது, அப்போது தரையில் இறக்கி வண்டியைச் சற்று நகர்த்தினால் மாட்டிவிடும். தமிழ்நாட்டுக் கிணறுகளில் கமலை இறைத்த நம் முன்னோர் இதைப் பார்த்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பார்கள்: மேலே வந்த சால், வால்கயிறு இழுக்கும் இடத்தில் தன் நீரைத் தானே தொட்டியில் விட்டுவிடும். அங்கும் கொட்டுவதற்கென்று தனி வலிமை தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாட்டில் எண்ணெய் கசியாது, ஹோஸ் வெடிக்காது, கெட்டுப்போக அதிகம் இல்லை. நாளுக்குப் பத்து முறை சாணத்தை அள்ளி ஒரே குவியலில் கொட்டுவது மட்டுமே வேலை என்றால், மாற்றவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கொக்கிக்குக் கொஞ்சம் கிரீசும் புதுக் கயிறும் போதும்.

வேறு வேலை வரும்போதுதான் குறை தெரிகிறது. கயிற்றுக்கு இரண்டே நிலைகள்தாம்: முழுதாகப் பிடித்திருப்பது, முழுதாக விட்டுவிடுவது. பாதி கொட்டி நிறுத்த முடியாது. கல்லைத் தூவிப் பரப்ப முடியாது. குவியலுக்குள் நுழைந்த பிறகு பக்கெட்டைப் பின்னால் மடக்கி அள்ளவும் முடியாது, அதனால் பக்கெட் எப்போதும் அரைகுறையாகவே நிறையும். கைகளை உயர்த்தும்போது பக்கெட்டும் அவற்றோடு சேர்ந்து பின்னால் சாய்ந்துகொண்டே போகும், அதைச் சரிசெய்யவும் வழி இல்லை. இவற்றோடு, முந்நூறு கிலோ ஈர மண் ஒரே நொடியில் விழும்போது எழும் அதிர்ச்சி டிரெய்லரின் தளத்துக்கும் நல்லதல்ல, டிராக்டரின் முன் அச்சுக்கும் நல்லதல்ல. சிலிண்டர் போட்டால் நமக்குக் கிடைப்பது இந்த இடைப்பட்ட நிலைகள் அனைத்தும்தான்.

அழுத்தமும் ஓட்டமும்

ஹைட்ராலிக்கில் இரண்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எவ்வளவு வலிமையாகத் தள்ளும் என்பதை எண்ணெயின் அழுத்தம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாகத் தள்ளும் என்பதை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஓடுகிறது என்பது தீர்மானிக்கிறது. மெதுவாக இருக்கிறது என்பதற்காக அழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் பலர் உண்டு. அதனால் வேகம் கூடுவதில்லை, ஏதாவது ஒன்று உடைவதுதான் மிச்சம்.

கணக்கு எளியது. சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் பிஸ்டனின் பரப்பு சுமார் 19.6 சதுர சென்டிமீட்டர். ஒரு பார் அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அமர்வதற்குச் சமம். ஆகவே 140 பார் அழுத்தத்தில் அந்தச் சிலிண்டர் சுமார் 2,800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இழுக்கும்போது விசை குறையும், ஏனெனில் அந்தப் பக்கத்தில் பிஸ்டனோடு சேர்ந்து நகரும் தண்டான ராடு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. 25 மில்லிமீட்டர் ராடு என்றால் மீதிப் பரப்பு 14.7 சதுர சென்டிமீட்டர், விசை சுமார் 2,100 கிலோ.

வேகத்தைப் பார்ப்போம். அதே சிலிண்டருக்கு ஸ்ட்ரோக், அதாவது ராடு நீளும் தூரம், 250 மில்லிமீட்டர் இருந்தால், முழுதாக நீள அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் போதும். நிமிடத்துக்கு 16 லிட்டர் தரும் சிறிய பம்புகூட இரண்டு நொடிக்குள் அதை நிரப்பிவிடும். இரண்டு சிலிண்டர்கள் போட்டால் நான்கு நொடிக்குள் முடியும். பழைய டிராக்டரின் பம்ப் போதாது என்று பயந்து பெரிய பம்ப் தேடுவது, பெரும்பாலும் வீண்செலவு.

டிராக்டருக்குள் எண்ணெய் எந்த வழியில் ஓடுகிறது

சிலிண்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவை திறந்த மைய அமைப்பு கொண்டவை. வயல் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், மடையை அடைத்தால்தான் அது வயலுக்குள் திரும்பும். அதுபோல, நெம்புகோலை யாரும் தொடாதபோது எண்ணெய் வால்வின் நடுவழியாகப் பாய்ந்து, அழுத்தம் ஏதுமின்றித் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். நெம்புகோலை அசைத்ததும் அந்த வழி அடைபட்டு, எண்ணெய் சிலிண்டருக்குத் திரும்பும். மூடிய மைய அமைப்பு வீட்டுக் குழாயைப் போன்றது, திருகும் வரை அழுத்தத்தோடு காத்திருக்கும். 1960-இல் வந்த ஜான் டீர் 4010 முதலிய வண்டிகள் இந்த இரண்டாம் வகை. ஒன்றுக்கான வால்வை மற்றொன்றில் பூட்டினால் பம்ப் ஓயாமல் முழு அழுத்தத்தில் உழலும், அல்லது பம்ப் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வழியின்றி எண்ணெய் சூடேறிக்கொண்டே போகும். எனவே வால்வு கேட்கும்போது முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, உங்கள் டிராக்டர் எந்த வகை என்பதுதான்.

பழைய மாஸி ஃபெர்குசன் 135 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 1964 முதல் 1975 வரை தயாரான அந்த வண்டியின் பம்ப், பின்பக்கக் கூட்டுக்குள் கியர் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. அதன் கட்டுப்பாட்டு வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், எண்ணெய் மேலே சொன்ன வாய்க்காலைப் போல இடைவிடாமல் ஓடாது. டிப்பர் டிரெய்லரை உயர்த்துவதற்கென்று எடுத்த ஒற்றை ஹோஸ், தள்ள மட்டும் உதவும், இழுக்க உதவாது. அதனால்தான் இத்தகைய வண்டிகளுக்கான லோடர்கள் பலவும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து ஓடும் தனிப் பம்போடு வந்தன. உங்கள் லோடரில் அப்படி ஒரு பம்ப் ஏற்கெனவே இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

வால்வுக்குள் நெம்புகோலோடு நகர்ந்து எண்ணெயின் வழியைத் திருப்பும் உருளைத் தண்டுக்கு ஸ்பூல் என்று பெயர். டிரிப் பக்கெட் லோடரில் பொதுவாக ஒரே ஒரு ஸ்பூல் கொண்ட வால்வுதான் இருக்கும், அதுவும் பல சமயம் ஒருபக்க இயக்கமாகவே இருக்கும். கைகளை எண்ணெய் உயர்த்தும், எடை இறக்கும். பக்கெட் சிலிண்டருக்கு இருபக்க இயக்கம் தேவை, தள்ளவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும். ஆகவே இன்னொரு ஸ்பூலுக்கு வழி தேட வேண்டும், அதற்கு மூன்று பாதைகள் உள்ளன.

எனக்கு மிகவும் பிடித்தது, பழைய வால்வைக் கழற்றிவிட்டு, ஒரே வார்ப்பில் இரண்டு ஸ்பூல்கள் கொண்ட வால்வை அதே இடத்தில் வைப்பது. அழுத்தம் எல்லை மீறும்போது எண்ணெயைத் தொட்டிக்குத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வும் அதற்குள்ளேயே இருக்கும். பம்பிலிருந்து வரும் ஹோஸ், தொட்டிக்குப் போகும் ஹோஸ் இரண்டையும் அப்படியே மாட்டலாம். கைகளுக்கான ஸ்பூலில் மிதவை நிலை உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, தரையைச் சமன் செய்யும்போது பக்கெட் மேடு பள்ளத்தைத் தானே தொடர்ந்து போகும்.

இரண்டாவது பாதை, பழைய வால்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியேறும் எண்ணெயைப் புதிய வால்வுக்கு எடுத்துச் செல்வது. இங்கே தொடக்கநிலையாளர்கள் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள். பழைய வால்வின் தொட்டிக்குத் திரும்பும் வாயிலை நேராகப் புதிய வால்வில் மாட்டிவிட்டால், புதிய வால்வு வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அதன் முழு அழுத்தமும் பழைய வால்வின் திரும்பும் அறைக்குள் பின்வாங்கி நிற்கும். அந்த அறை அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சீல் பிதுங்கும், சில வேளை வார்ப்பே பிளக்கும். இதற்கென்று, எண்ணெயை அழுத்தத்தோடு அடுத்த வால்வுக்கு அனுப்பும் பவர் பியாண்ட் எனப்படும் தனி வாயில் அல்லது அதற்கான திருகு உறை அந்த வால்வுக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இந்தப் பாதையை மறந்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கைகளுக்கான ஸ்பூல் இருபக்க இயக்கமாக இருந்தால் மட்டும் உதவக்கூடியது. மின்காந்தத்தால் இயங்கும் ஆறு வழித் திருப்பு வால்வு ஒன்றைப் பூட்டி, நெம்புகோலின் தலையில் ஒரு பொத்தானை வைத்தால், பொத்தானை அழுத்தாதபோது நெம்புகோல் கைகளை இயக்கும், அழுத்தும்போது பக்கெட்டை இயக்கும். வேலை சுலபம்தான், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க முடியாது. கைகளை உயர்த்திக்கொண்டே பக்கெட்டைச் சமன் செய்வதற்காகத்தான் இந்த மாற்றத்தையே செய்கிறோம் என்றால், இந்தப் பாதை மனத்தை நிறைக்காது.

லோரிகளின் பின்தட்டை உயர்த்தும் சிறிய மின்சார ஹைட்ராலிக் பொதியைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டிராக்டரின் எண்ணெயைத் தொடவே வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் 12 வோல்ட்டில் 1.6 கிலோவாட் மோட்டார் ஓடினால் 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய டிராக்டரின் டைனமோ அதை ஈடுசெய்யவே முடியாது. நாளுக்கு நாலைந்து முறை கொட்டுகிறவருக்குச் சரி, நாள் முழுதும் அள்ளுகிறவருக்கு மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும்.

சிலிண்டரை எங்கே வைப்பது

செலவில்லாமல் அறிவை மட்டும் பயன்படுத்தக்கூடிய கட்டம் இதுதான், ஆனால் பெரும்பாலோர் அவசரப்படுவதும் இங்கேதான். சிலிண்டரின் ஒரு முனை லோடர் கையிலோ கைகளை இணைக்கும் குறுக்குக் குழாயிலோ இருக்கும். மறு முனை பக்கெட்டின் முதுகில், கீலுக்கு மேலே, புதிதாக வெல்டிங் செய்த காதுகளில், அதாவது துளையிட்ட தகடுகளில், இருக்கும். ராடு நீளும்போது பக்கெட்டின் மேற்பகுதி முன்னால் தள்ளப்பட்டுக் கவிழும், சுருங்கும்போது பின்னால் மடங்கும்.

கீலுக்கும், சிலிண்டரைக் காதுகளில் கோக்கும் இரும்பு ஆணியான பின்னுக்கும் (pin) இடையிலுள்ள தூரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அந்தத் தூரம் 200 மில்லிமீட்டர் என்றும், பக்கெட் 80 பாகை சுழல வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். சுழற்சியின் நடுவில் சிலிண்டர் அந்தத் தூரத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி அமைத்தால், தேவைப்படும் ஸ்ட்ரோக் சுமார் 257 மில்லிமீட்டர். 250 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள சிலிண்டரைப் போட்டு இரண்டு முனையிலும் கொஞ்சம் மிச்சம் விட்டால், எழுபது பாகை அளவில் சுழலும், அது போதும். சுழற்சியின் இரு கடைசிகளிலும் சிலிண்டர் சாய்வாக நிற்பதால் அதன் பிடிமானம் குறையும். 200 மில்லிமீட்டர் நெம்புகோல் அங்கே 153 மில்லிமீட்டர் போலத்தான் வேலை செய்யும். நாற்பது பாகைக்கு மேல் சாயவிட்டால் இன்னும் வேகமாகக் குறைந்து, சிலிண்டர் பக்கெட்டைச் சுழற்றுவதை விட்டுப் பின்களை நசுக்குவதிலேயே வலிமையைச் செலவழிக்கும்.

இதைத் தாளில் வரைவதைவிட, மரச்சட்டத்தில் செய்து பார்ப்பது மேல். ஒன்றன் மேல் ஒன்று நழுவும் இரண்டு சட்டங்களை எடுத்து, சிலிண்டர் முழுதாகச் சுருங்கியிருக்கும்போது பின் துளைகளுக்கு இடையே இருக்கும் நீளத்தையும், முழுதாக நீண்டிருக்கும்போது இருக்கும் நீளத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 250 ஸ்ட்ரோக் சிலிண்டர் சுருங்கிய நிலையில் 250 மில்லிமீட்டர் நீளமே இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. மூடி, சீல், பின் கண் ஆகியவற்றைச் சேர்த்தால் அது அநேகமாக 400 மில்லிமீட்டரைத் தாண்டும். காதுகளுக்கு அட்டையில் மாதிரி வெட்டி, பக்கெட்டில் சி-கிளாம்ப் போட்டு நிறுத்தி, கையாலேயே பக்கெட்டை முழுச் சுற்றும் ஆட்டிப் பார்க்க வேண்டும். சட்டம் குறுக்குக் குழாயில் இடிக்கிறதா, கைகள் முழுதாக இறங்கும்போது முன் சக்கரம் திரும்ப இடம் இருக்கிறதா என்பதெல்லாம் இந்த நிலையில் தெரிந்தால் செலவு ஒரு அட்டைப்பெட்டிதான். வெல்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் கிரைண்டரும் நொந்த மனமும்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் முயற்சியில், பக்கெட் தன் இரும்புத் தடுப்பைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பே சிலிண்டர் முழுதாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒரு விரற்கடையை நான் பொருட்படுத்தவில்லை. விளைவு, குவியலில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்த அடியைத் தடுப்புக்குப் பதிலாகச் சிலிண்டரின் அடிமூடி வாங்கிக்கொண்டது, அதன் வெல்டிங் ஓரம் சில வாரங்களில் வியர்க்கத் தொடங்கிவிட்டது. எனவே இரு கடைசிகளிலும் பக்கெட் முதலில் இரும்பில் இடித்து நிற்க வேண்டும், சிலிண்டருக்குள் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

வலிமை மிகுந்தால் வரும் ஆபத்து

இப்போது ஒரு கணக்கு. பக்கெட்டில் 300 கிலோ ஈர மண் இருக்கிறது, அதன் எடை மையம் கீலுக்கு 35 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த, 15 சென்டிமீட்டர் நெம்புகோலின் முனையில் சுமார் 700 கிலோ விசை தேவை. நம் 50 மில்லிமீட்டர் சிலிண்டர் இழுக்கும் விசையோ 2,100 கிலோ. ஒரே ஒரு சிலிண்டரிலேயே தேவையைப் போல மூன்று மடங்கு விசை இருக்கிறது. 22 மில்லிமீட்டர் ராடு கொண்ட 40 மில்லிமீட்டர் சிலிண்டர்கூட, அதே அழுத்தத்தில் 1,200 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

இந்த மிச்சம் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும். டிரிப் பக்கெட் லோடரின் கைகளையும் கீல்களையும் வடிவமைத்தவர், பக்கெட்டை வலிந்து சுழற்றும் விசை ஒன்று வரும் என்று நினைத்து இரும்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. கொக்கி தாங்க வேண்டிய பாரத்தை மட்டும் நினைத்துத் தேர்ந்தெடுத்தார். நாம் சிலிண்டரைப் போட்ட பிறகு, மண்ணுக்குள் புதைந்த செம்பனை அடிமரத்தின் கீழ் பக்கெட்டின் ஓரத்தைக் கொடுத்து மடக்கினால், அந்த 2,100 கிலோவும் மெல்லிய குறுக்குக் குழாயில் இறங்கும். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜேசிபி போன்ற கனரக வண்டியின் சிலிண்டரை வாங்கிப் பூட்டுவது இதனால்தான் தவறு. பெரிய சிலிண்டர் பக்கெட்டை மெதுவாக்கும், சட்டத்தை வளைக்கும், வேறு நன்மை எதுவும் செய்யாது. சிறிய சிலிண்டரைத் தேர்ந்து, ரிலீஃப் வால்வைத் தேவைக்கு மேல் திருகாமல், ஓர் அழுத்தமானியை வைத்து அளந்து நிறுத்துவதே சரி. அழுத்தமானி இல்லாமல் ரிலீஃப் வால்வைத் திருகுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து ஊற்றுவது போன்றது.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கும் விடை இதிலிருந்தே வருகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர் வைத்தால் பாரம் சமமாகப் பிரியும், ஆனால் ஹோஸ்களும் இணைப்புகளும் காதுகளும் இரு மடங்காகும். உங்கள் லோடரின் பழைய கொக்கி பக்கெட்டின் நடுவில் இருந்தால், அந்த இடத்தைத் தயாரிப்பாளரே தகடு போட்டு வலுப்படுத்தியிருப்பார். அகலம் குறைந்த பக்கெட்டுக்கு, அங்கேயே நடுவில் ஒற்றைச் சிலிண்டரை வைப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகச் சிக்கனமான நல்ல வழி. அகலமான பக்கெட் என்றாலும், நடுவில் கொக்கி இல்லாமல் ஓரங்களில் இருந்தாலும், இரண்டு 40 மில்லிமீட்டர் சிலிண்டர்களுக்குப் போய்விடுங்கள். எந்த வழியானாலும் பழைய கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். அது மாட்டியிருக்கும்போது தெரியாமல் நெம்புகோலைத் தள்ளினால் சிலிண்டர் கொக்கியையோ தன்னையோ உடைத்துக்கொள்ளும்.

ராடு வளைவதற்கும் ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. பக்கெட்டை முழுதாகக் கவிழ்த்து, அதன் ஓரத்தைத் தரையில் ஊன்றி, வண்டியைப் பின்னால் எடுத்து மண்ணைச் சுரண்டுவது பலருக்கும் பழக்கம். அப்போது தரை ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, பக்கெட்டின் மேற்பகுதி பின்னோக்கித் தள்ளி, முழுதாக நீண்டிருக்கும் மெல்லிய ராடை அழுத்துகிறது. நீண்ட ராடு அழுத்தத்தில் எளிதில் வளையும். பின்னால் சுரண்டத்தான் வேண்டும் என்றால் பக்கெட்டைச் சற்றே மட்டும் சாய்த்து, மெதுவாக நகர்த்துங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்

பிறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் வாழ்வதன் ஒரு வசதி, தொழிற்சாலைகள் கழித்துவிடும் ஃபோர்க்லிஃப்ட்டுகள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்வது. ஃபோர்க்லிஃப்ட்டின் தூணைச் சாய்க்கும் சிலிண்டர் நம் வேலைக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். அது இருபக்க இயக்கம், ராடின் முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்யலாம். குறை என்னவென்றால் ஸ்ட்ரோக் குட்டை. 150 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கிடைத்து, பக்கெட் 70 பாகை சுழல வேண்டுமென்றால், இரு முனையிலும் விடும் ஒரு சென்டிமீட்டர் மிச்சத்தையும் சேர்த்து, பின்னைக் கீலுக்குச் சுமார் 113 மில்லிமீட்டர் அருகில் கொண்டுவர வேண்டும். அப்போது பின்னிலும் காதுகளிலும் விசை கூடும், தடிமனான தகடு வேண்டும்.

பழைய சிலிண்டரை வாங்கும்போது ராடை முழுதாக வெளியே இழுத்து, நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். குரோம் பூச்சில் நகம் தட்டும் குழி எங்கேனும் இருந்தால் விட்டுவிடுங்கள், புதுச் சீல் போட்டாலும் அந்தக் குழி ஒரு வாரத்தில் அதைக் கிழித்துவிடும். சீல் தேய்ந்திருப்பது மட்டும்தான் குறை என்றால் கவலை வேண்டாம், அதை மாற்றுவது மலிவு. கழற்றிய சீலையே கடைக்கு எடுத்துச் செல்வது, அளவைச் சொல்லிக் கேட்பதைவிடப் பாதுகாப்பு.

ஹோஸில் மட்டும் பழையது வேண்டாம். ஐரோப்பியத் தர அளவின்படி, எட்டில் மூன்று அங்குல ஹோஸில் ஒரு கம்பி வலை கொண்டது 180 பார் வரையிலும், இரண்டு வலை கொண்டது 330 பார் வரையிலும் வேலை செய்யத் தக்கது. 140 பாருக்கு ஒரு வலை போதும் என்று தோன்றும். ஆனால் பக்கெட் எதிலாவது மோதும்போது வால்வு மூடியிருந்தால் உள்ளே சிக்கிய எண்ணெயின் அழுத்தம் ரிலீஃப் வால்வு அறியாமலேயே எகிறும், அதனால் நான் இரண்டு வலை கொண்டதையே போடுவேன். விலை வேறுபாடு அதிகமில்லை. நீளத்தை அளக்கும்போது கைகளை மேலும் கீழும், பக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டி, எந்த நிலையிலும் ஹோஸ் இறுகாமலும் கீலுக்கிடையில் சிக்காமலும் இருக்கிறதா என்று ஒரு கயிற்றை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய இழுகயிறே இதற்கு உதவும்.

திருகு மரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பிஎஸ்பி எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரை அதிகம், அமெரிக்க வண்டிகளில் என்பிடி எனப்படும் அமெரிக்கக் குழாய் மரை வரும். அரை அங்குல அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான், ஆகவே ஒன்றில் மற்றொன்று ஏறுவது போலவே இருக்கும். ஆனால் மரையின் கோணம் ஒன்றுக்கு 55 பாகை, மற்றதற்கு 60 பாகை. இறுக்கினால் நிற்கும், சூடேறினால் ஒழுகும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி அதை நிறுத்த முயன்றால், டேப்பின் இழை பிய்ந்து வால்வுக்குள் போய் ஸ்பூலைச் சிக்கவைக்கும்.

பூட்டிய பிறகு

காதுகளை வெல்டிங் செய்வதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், சிலிண்டர்களைக் கழற்றித் தூரமாக வையுங்கள். ஒரு தீப்பொறி குரோமில் விழுந்தாலும் ராடு போச்சு. பக்கெட்டின் மெல்லிய முதுகுத் தகட்டில் காதை நேராக ஒட்டாமல், முதலில் அகலமான தகடு ஒன்றை ஒட்டி அதன் மேல் காதை வைத்தால் பாரம் பரவும். காதுகள் எப்போதும் இரட்டையாக, சிலிண்டரின் கண்ணை இருபுறமும் பிடிக்கும்படி இருக்க வேண்டும். ஒற்றைக் காதில் துருத்தி நிற்கும் பின் வளைந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில், தனித் தொட்டி உள்ள லோடருக்கு நம் வெப்பத்தில் ஐஎஸ்ஓ விஜி 68 என்ற பாகுத்தன்மைத் தரம் கொண்ட ஹைட்ராலிக் எண்ணெய் வழக்கமாகப் போடுகிறார்கள். கியர்ப் பெட்டியின் எண்ணெயையே ஹைட்ராலிக்கும் பயன்படுத்தும் டிராக்டரில் அதை ஊற்றக்கூடாது, கியர்களுக்கும் சேர்த்துத் தயாரித்த டிராக்டர் எண்ணெய்தான் அங்கே வேண்டும். முதன்முறை எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பக்கெட்டைக் காலியாக வைத்து, முழுதாக மடக்கிக் கவிழ்த்து ஏழெட்டு முறை இயக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். கவிழ்க்கும்போது பக்கெட் தடாலென்று விழுந்து, பிறகு ஒரு கணம் நெம்புகோலுக்கு மசியாமல் நின்றால் பயப்பட வேண்டாம். பாரம், பம்ப் நிரப்புவதைவிட வேகமாக ராடை இழுத்துவிட்டதால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. ராடு பக்கத்து வாயிலில், வெளியேறும் எண்ணெயை மட்டும் மட்டுப்படுத்தும் ஒருவழித் தடுப்பான் ஒன்றைப் போட்டால் அது நின்றுவிடும்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமலேயே தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி முதலில் சிறிதாகத்தான் இருக்கும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். லோடரின் கைகளை உயர்த்தி வைத்து அடியில் வேலை செய்ய வேண்டியிருந்தால், எண்ணெயை நம்பாமல் இரும்புத் தாங்கலைக் கொடுங்கள். வேலையாள் ஒருவர் இந்த வண்டியை ஓட்டப்போகிறார் என்றால், மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத்தையும் உள்ளடக்கியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டுபவர் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று. முன்பு பக்கெட் ஓரளவுக்கு மேல் பின்னால் மடங்காது, கொக்கி அதற்கு விடாது. இப்போது முழுதாக மடக்கலாம், மடக்கிய நிலையில் கைகளை உயர்த்தினால் அது இன்னும் பின்னால் சாயும், பக்கெட்டில் இருக்கும் கட்டையோ கல்லோ கைகளின் வழியே உருண்டு, கூரையில்லாத இருக்கையில் அமர்ந்திருப்பவர் மடியில் வந்து விழும். ஆகவே ஒரு நெம்புகோலால் உயர்த்த உயர்த்த, மற்றொன்றால் பக்கெட்டைச் சிறிது சிறிதாக முன்னால் விட்டுக்கொண்டே வர வேண்டும். காலிப் பக்கெட்டோடு ஒரு மாலை முழுதும் பழகினால் கை தானாகவே அந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லா இணைப்புகளையும் ஒரு முறை இறுக்கி, எண்ணெய் அளவைப் பாருங்கள். கைகள் முழுதாக இறங்கி, பக்கெட் மடங்கி, ராடுகள் எல்லாம் உள்ளே இருக்கும் நிலையில்தான் பார்க்க வேண்டும். ராடுகள் நீண்டிருக்கும்போது பார்த்துக் குறைகிறதே என்று நிரப்பிவிட்டால், மறுமுறை அவை சுருங்கும்போது மிகுதியான எண்ணெய் தொட்டியின் மூச்சுத்துளை வழியே வழிந்து, காலையில் வண்டிக்கு அடியில் ஒரு குளத்தைக் காட்டும்.